பதினாலு மாசத்து டயர்

எங்கள் கடைக்குள் நுழைகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "கடையில ஆள் இல்லையா?" என்பது. நாகஜோதி அவர்களுக்கு நேர் எதிரே, மூன்றடி தூரத்தில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பாள், கையில் டார்ச் இருக்கும். அவளைப் பார்த்துவிட்டு, அவளைத் தாண்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லையா என்பார்கள். பதினோரு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்?

நான் கஸ்பார். திண்டுக்கல் திருச்சி ரோட்டில் அப்துல் ஹக்கீம் பாயின் டயர் கடையில் அலைன்மென்ட் மெஷின் பார்க்கிறவன். வண்டியின் நாலு சக்கரமும் நேராக ஓடுகிறதா என்று பார்த்துச் சரிசெய்வது என் வேலை. என்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. நாகஜோதியைப் பற்றி நிறைய இருக்கிறது. அதில் முக்கால்வாசி அவள் போட்ட சண்டைகள்.

எரியோட்டுக்காரி. பன்னிரண்டாவது முடித்த கையோடு மாமன் மகன் பொன்னழகைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்தாள். பெண் பிறந்து இரண்டு வருஷம் கழித்துப் பில் போடுகிற வேலைக்கு எங்கள் கடையில் சேர்ந்தாள். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் நாங்கள் போனை நோண்டுவோம். அவள் ஈரத்துணியை எடுத்து டயர்களைத் துடைப்பாள். துடைக்கும்போது டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிற எண்களையும் எழுத்துகளையும் வாசிப்பாள். இது என்ன, அது என்ன என்று என்னிடம் கேட்டாள். கம்பெனிக்காரன் என்னமோ போட்டிருப்பான் என்றேன். அப்போது எனக்கு இந்தத் தொழிலில் ஒன்பது வருஷ அனுபவம். அந்த ஒன்பது வருஷத்தில் அந்த எண்கள் என்னவென்று நான் யாரையும் கேட்டதில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல்தான் வரும்.

அவள் கேட்டாள். ஆர்டர் எடுக்க வருகிற கம்பெனி ஆட்களை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எந்த எண் டயர் தாங்குகிற எடை, எந்த எழுத்து அது தாங்குகிற வேகம், கடைசியில் இருக்கிற நாலு எண்கள் எந்த வருஷம் எந்த வாரம் அது செய்யப்பட்டது என்பதைக் காட்டும், எல்லாம். ஒரே வருஷத்தில் பாய் அவளைக் கேட்காமல் சரக்கு எடுப்பதை விட்டுவிட்டார். வண்டிக்கு என்ன டயர் போடலாம் என்று அவள் சொல்வதுதான் கடையில் கடைசி வார்த்தை என்று ஆனது.

கோபம் மட்டும் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும். ஒருமுறை ஒரு ஸ்கூல் வேன் வந்தது, காற்று மட்டும் பிடிக்க. பின்னால் இரண்டு டயரும் தேய்ந்து உள்ளே இருக்கிற நூல் வெளியே தெரிந்தது. டயரை மாற்றச் சொன்னாள். அடுத்த மாதம் பார்ப்போம் என்றான் டிரைவர். அவள் குனிந்து, இரண்டு டயரிலும் வால்வு பின்னைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். வேன் உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகளை ஆட்டோவில் அனுப்பினோம். ஸ்கூலில் இருந்து ஆள் வந்து பாயிடம் சத்தம் போட்டார். பாய் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டயர் மாற்றினால் பின்னைத் தருவாள் என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே மாற்றினார்கள்.

பொன்னழகு இவளுக்கு நேர் எதிர். கோபம் என்பதே வராது. காலில் மிதித்துவிட்டுப் போனால் மிதித்தவருக்கு வலித்ததா என்று கேட்கிற ஆள். எட்டு வருஷமாக நாச்சிமுத்துவிடம் டிரைவர் வேலை பார்த்தான். நாச்சிமுத்து அகரத்துக்காரர். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. சுற்றுப்பட்டு ஊர்களில் விளைகிற மல்லியிலும் சம்பங்கியிலும் ஒரு பெரிய பங்கு அவர் கைவழியாகத்தான் போகும். அவர் கடைக்கும் அவருக்குப் பூக் கொண்டுவருகிறவர்களுக்கும் சேர்த்து இருபத்திரண்டு வேன். எல்லாவற்றுக்கும் எங்கள் கடையில்தான் டயர்.

அந்த இருபத்திரண்டோடு ஒரு கார் சேர்ந்தது. அவர் மகன் முகேஷ்குமார் பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு வாங்கிய கார். வெளிப்பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ரேஸ் ஓட்டுகிறவர்கள் வாங்குகிற வகை. மகன் கனடாவுக்குப் போகும்போது காரை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனான். வேறு ஒருவராக இருந்தால் கவர் போட்டு நிறுத்தியிருப்பார். நாச்சிமுத்து அதில் பூ ஏற்றினார்.

கேட்டால் சிரிப்பு வரும், எனக்கு வரவில்லை. வெளிநாட்டுக்குப் போகிற மல்லியைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அடைத்து மதுரை ஏர்போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். வேன் ஒன்றரை மணி நேரம் எடுக்கிற தூரத்தை இந்தக் கார் ஐம்பது நிமிஷத்தில் போய்விடும். அதனால் பின் சீட்டை மடக்கி, டிக்கியிலும் பின்னாலும் பன்னிரண்டு பெட்டியை அடுக்கி, பொன்னழகை உட்காரவைத்து, போ என்பார். வைகாசி முகூர்த்தச் சமயத்தில் தினமும் போவான். நூற்று நாற்பது, நூற்று ஐம்பதில் போவான். வேகமாகப் போ என்று அவர் வாயால் சொன்னதில்லையாம். எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும்தான் சொல்வாராம்.

போன வைகாசியில், கொடைரோடு பக்கம் ஒரு பள்ளத்தில் அந்தக் கார் இறங்கி ஏறியது. முன்பக்க டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். மற்ற மூன்றும் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தன. பொன்னழகு அதைச் சோறு சாப்பிடும்போது வீட்டில் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறான். நாகஜோதி அந்தத் தட்டு காய்வதற்குள் சென்னைக்குப் போன் போட்டாள்.

இந்த மாதிரிக் காருக்கு டயர் தேர்ந்தெடுப்பது மற்ற வண்டிக்குப் போல இல்லை. மற்றவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்பார்கள். இதற்கு அதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். வேகத்தில் ஓடும்போது ஏறுகிற சூட்டைத் தாங்குமா, மழையில் பிரேக் அடித்தால் ரோட்டைப் பிடிக்குமா, எடையைத் தாங்குமா என்பதுதான் முதலில். எங்கள் ஊரில் இந்த அளவு டயர் வருஷத்துக்கு நாலு விற்றால் பெரிது. சென்னை குடோனில் ஒரே ஒரு செட் இருந்தது. அவள் கேட்ட அளவு, கேட்ட எடை, கேட்ட வேகம். செய்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. வெயில் படாமல் வைத்திருந்தால் அது ஒரு வயசே இல்லை. இரண்டாம் நாள் பார்சலில் நாலும் வந்து இறங்கின. அவளே பிரித்து, டார்ச் அடித்து, ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள். கடைக்கு வந்த சரக்கை அவள் அவ்வளவு நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நாச்சிமுத்து காரோடு வந்தார். மார்க்கெட் வேலை முடிந்து பத்து மணி இருக்கும். பொன்னழகு இறங்கிக் கதவைத் திறந்துவிட்டான். அவர் உள்ளே வந்து டயரைப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். அப்புறம் குனிந்து மோந்து பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை, டயரை மோந்து பார்த்தார். பிறகு அந்த நாலு எண்களைத் தேடிக் கண்டுபிடித்தார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவில் அதை வாசிக்கக் கற்றிருந்தார். அந்த வீடியோ எடுத்தவன் என் கையில் கிடைத்தால் நாலு கேட்பேன்.

"பதினாலு மாசமாச்சே. பழச என் தலையில கட்டப் பாக்குறியாத்தா?"

நாகஜோதி பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். அவளிடம் அவ்வளவு பொறுமை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டயர் நாலைந்து வருஷம் வரை கெடாது என்றாள், ஏன் கெடாது என்றாள், இந்தக் காருக்கு இந்த ரகம் ஏன் வேண்டும் என்றாள். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் காசுக்குப் பார்க்கிற ஆள் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். விலை என்ன என்றுகூடக் கேட்கவில்லை. அவர் பார்த்தது ஒன்றே ஒன்று.

"நாப்பது வருசமா யாவாரம் பண்றேன். நேத்துப் பூவ இந்தக் கையால தொட்டதில்ல. என் வண்டிக்கு மட்டும் போன வருசச் சரக்கா?" என்றார்.

பூ வியாபாரிக்கு உலகத்தில் இரண்டே ரகம்தான், இன்றைக்குப் பறித்தது, பறிக்காதது. சாயங்காலம் ஆனால் குப்பைக்குப் போகிற பொருளை விற்று வாழ்கிறவர் அப்படி நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ரப்பரைப் போய் மல்லிகை மாதிரிப் பார்த்தால் நான் என்ன சொல்ல?

அவரே எழுந்து போய் எங்கள் அடுக்கில் ஒவ்வொரு டயராகத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தார். கூடைகளைப் புரட்டுகிற அதே கை. கடைசியில் நாலு டயரைப் பிடித்தார். செய்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அதே ரிம்மில் உட்காருகிற, ஆனால் ஓர் அளவு சின்னது, இதைவிட லேசான காருக்கு ஆனது. ரிம்முக்கு உட்காருமா என்று என்னிடம் கேட்டார். "உக்காரும், ஆனா..." என்றேன். அந்த ஆனாவுக்குப் பிறகு நான் சொன்னது எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. பார்த்தாயா, கஸ்பாரே சொல்லிவிட்டான் என்றார்.

நாகஜோதி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பிறகு அவரிடம் திரும்பி இரண்டு டயரிலும் இருக்கிற எண்ணைத் தொட்டுக் காட்டினாள். இது ஒன்று அறுநூற்று எழுபது கிலோ தாங்கும், நீங்கள் எடுத்தது ஐநூற்று நாற்பத்தைந்துதான் தாங்கும், நாலுக்கும் சேர்த்து அரை டன் குறைகிறது என்றாள். நீங்களோ பெட்டி அடுக்குகிறீர்கள், வைகாசி வெயிலில் தார் கொதிக்கிற ரோட்டில் அந்த வேகத்தில் அனுப்புகிறீர்கள், டயர் சூடேறி வெடித்தால் கார் நிற்காது என்றாள். கம்பெனிக்காரன் அப்படித்தான் எழுதுவான் என்று அவர் கையை வீசினார்.

பாய் அவளை உள்ளே கூப்பிட்டார். நானும் போனேன். அந்த இருபத்திரண்டு வேன் அவர் கண்ணில் தெரிந்தது. "கேட்டதக் குடுத்துருவோம்மா. அவுக வண்டி, அவுக இஷ்டம்" என்றார் மெதுவாக.

"வண்டி அவுகளுது பாய். ஓட்டுறவரு எனக்கு வேணும்" என்றாள்.

வெளியே வந்தபோது நாச்சிமுத்து என்னைப் பார்த்து, ஏன் நிற்கிறாய், வேலையைப் பார் என்றார். நான் ஜாக்கியைப் போட்டேன். ஒரு சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றவும் ஆரம்பித்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பெரிய மனுஷன் சொன்னால் கை தானாக வேலை செய்கிறது, அந்தக் கையை என்ன செய்வது? நாகஜோதியின் கோபத்தைப் பற்றிச் சொல்ல வந்தவன் இதை மறைத்தால் யோக்கியன் இல்லை.

அவள் என் பக்கம்கூடத் திரும்பவில்லை. அவர் பொன்னழகைக் கூப்பிட்டார்.

"ஏலே பொன்னழகு, தெனம் ஓட்டுறவன் நீ. நீயே சொல்லு, எதப் போடலாம்?"

அவன் தரையைப் பார்த்தான். காரைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்க்கவே இல்லை. முதலாளி சொல்வதையே போட்டுவிடலாம் என்றான்.

நாகஜோதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதுவரை அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

"அய்யா, சவத்துக்குப் போடுற மாலையும் அன்னிக்குப் பறிச்ச பூதான். புதுசுங்கிறதுக்காக அத ஒங்க டிரைவர் கழுத்துல போடுவீகளா?"

நாச்சிமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. முகூர்த்த மாதத்தில், கல்யாணத்துக்குப் பூ அனுப்புகிற மனுஷன் முன்னால் சொல்லக்கூடாத வார்த்தையை அவள் சொல்லிவிட்டாள். இனிமேல் தன் வண்டி ஒன்றுகூட இந்த வாசலில் ஏறாது என்று பாயிடம் சொன்னார். கழற்றிய நட்டுகளை என்னையே பூட்டச் சொன்னார். பூட்டினேன். கார் வீங்கிய டயரோடு பைபாஸ் பக்கம் போனது. சாயங்காலத்துக்குள் வேறு ஒரு கடையில் அவர் கேட்ட மாதிரியே, அதே சின்ன அளவில், அந்த மாதமே செய்த புத்தம்புது டயர் நாலு போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாகஜோதி எனக்குப் போன் செய்தாள். பூ மார்க்கெட்டுக்கு வண்டியை எடுக்கச் சொன்னாள். கூப்பிடப் போனபோது அவள் முகத்தைப் பார்த்ததுமே, இராத்திரி வீட்டில் புருஷனோடு சண்டை என்று தெரிந்தது. என் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

நாச்சிமுத்து கடை வாசலில் கார் நின்றது. பன்னிரண்டு பெட்டியும் ஏற்றியாகிவிட்டது. பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. நாகஜோதி குனிந்து பின் டயரைப் பார்த்தாள். அடிப்பக்கம் பிதுங்கியிருந்தது. பொன்னழகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கார் பக்கத்தில் நின்றான். அவள் அவனிடம் போகவில்லை. நேராகக் கடைக்குள் போனாள். எடை போட வந்தவர்கள், பூக்கட்டுகிற பெண்கள், ஏலம் கேட்கிறவர்கள் என்று முப்பது பேராவது இருந்தார்கள். முந்தின நாள் அவள் சொன்னது அதற்குள் மார்க்கெட் முழுக்கப் பரவியிருந்தது. அதனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அய்யா, நேத்து நான் பேசுனது தப்புன்னே வச்சுக்கங்க. டயரு நல்ல டயருன்னு நீங்க நம்புறீகள்ல. முன் சீட்டு காலியா இருக்கு. ஏர்போர்ட்டு வரைக்கும் செத்த போயிட்டு வாங்க. நீங்க ஏறுனா நான் ஒங்க கால்ல விழுந்துட்டுப் போறேன்."

மார்க்கெட் நேரம், எப்படி வர முடியும் என்றார். இரண்டு மணி நேரம்தானே, கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்ள மாட்டாரா என்றாள். முழங்கால் வலி, அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்றார். போன வாரம் வேனில் நிலக்கோட்டைக்குப் போய் வந்தீர்களே என்று கூட்டத்தில் யாரோ கேட்டுவிட்டார்கள். அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. ஒரு பொம்பளை வந்து என்னைப் பரீட்சை வைக்கிறாளா என்று முணுமுணுத்துவிட்டுத் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏறவில்லை. வாசல் வரைகூட வரவில்லை.

முந்தின நாள் கடையில் அவள் சொன்ன எண் எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். எல்லாம் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய பெட்டிகளையெல்லாம் இழுத்து ரோட்டில் போட்டிருப்பேன். செய்யவில்லை.

பொன்னழகு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்தான். சாவியை மேசைமேல் வைத்தான். வேனை எடுக்கச் சொல்லுங்கள் முதலாளி, நேரமாகிறது என்று மட்டும் சொன்னான். திரும்பிப் போகும்போது நாகஜோதியைத் தாண்டித்தான் போனான். அவளைப் பார்க்கவில்லை, பேசவில்லை. எட்டு வருஷ வேலை அப்படி முடிந்தது.

வேலை போனதற்கு அவன் அவளைத்தான் குற்றம் சொன்னான். முப்பது பேர் முன்னால் புருஷனுக்காக ஒரு பெண் வந்து நின்றது அவனுக்குத் தலைகுனிவாம். எனக்கு இதைக் கேட்டு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. உயிரோடு இருப்பது ஒரு தலைகுனிவா? பாய்தான் அவனைக் கூப்பிட்டு எங்கள் கடையிலேயே டயர் கழற்றி மாட்டுகிற வேலையைக் கொடுத்தார். இருபத்திரண்டு வேனை இழந்த மனுஷன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கடையில் வேலை பார்த்தார்கள், ஒரே பஸ்ஸில் வந்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. எந்த டயரை எடுக்க வேண்டும் என்று அவள் என்னிடம் சொல்வாள், நான் அவனிடம் சொல்வேன். எட்டடி தூரத்துக்கு நான் தபால்காரனாக இருந்தேன். அவள் அதற்கும் அழவில்லை. வாடிக்கையாளர்களைத் திட்டுவது மட்டும் கொஞ்சம் கூடியது.

சென்னையிலிருந்து வந்த அந்த நாலு டயரையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்று பாய் சொன்னார். அவள் அனுப்பவில்லை. உள் அடுக்கில் வெளிச்சம் படாமல் சாக்குப் போட்டு மூடிவைத்தாள். கார் அகரத்தில் கவர் போட்டுக் கிடப்பதாகக் கேள்விப்பட்டோம். அன்று காலையில் நடந்ததற்குப் பிறகு மார்க்கெட்டில் எந்த டிரைவரும் அதில் பெட்டி ஏற்றிக்கொண்டு போகச் சம்மதிக்கவில்லை.

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அந்தக் கார் மெதுவாக ஊர்ந்து வந்து வாசலில் நின்றது. வேன் டிரைவர் ஒருவர் ஓட்டி வந்திருந்தார். நாச்சிமுத்து இறங்கினார். கடைக்குள் ஏறினார். ஆள் இல்லையா என்று கேட்கவில்லை. நேராக நாகஜோதி முன்னால் வந்து நின்றார்.

"அந்த டயரு இன்னும் இருக்காத்தா?"

இருக்கிறது என்றாள். அவர் மூச்சு விட்டார். மகன் கனடாவிலிருந்து குடும்பத்தோடு ஒரு மாத லீவில் வருகிறானாம். காரை அவனே எடுத்துக்கொண்டு கொடைக்கானல், ராமேஸ்வரம் எல்லாம் போகப்போகிறானாம். பேரனுக்கு நாலு வயசாம். மகனுக்குக் கால் சும்மா இருக்காது, வேகமாக ஓட்டுவான் என்றார். இதையெல்லாம் அவராகவே சொன்னார், யாரும் கேட்கவில்லை.

நாகஜோதி பில் புத்தகத்தை எடுத்தாள்.

"இருக்கு அய்யா. ஆனா அது இப்ப இன்னும் ரெண்டு மாசம் பழசாயிருச்சு."

"பரவால்லத்தா" என்றார்.

பொன்னழகு அப்போது ஒரு லாரி டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தான். காற்றுக் குழாயைக் கீழே போட்டான். அது தரையில் கிடந்து சீறியது. அவன் வந்து நாச்சிமுத்துவுக்கு எதிரே நின்றான். கோபப்பட்டுப் பழக்கமில்லாத மனுஷன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றான்.

"மொதலாளி, நான் ஏறுறப்ப அது பழசு. ஒங்க பேரன் ஏறுறப்ப பரவால்லயா? எட்டு வருசம் ஒங்களுக்கு ஓட்டுனேன். எம்மக காதுகுத்துக்குப் பூவெல்லாம் நீங்கதான அனுப்புனீக. எனக்கும் வீட்ல ஒரு பிள்ள இருக்குங்கிறது ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். பொன்னழகு விடவில்லை. தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று மறுபடி கேட்டான். குரல் உயர்ந்துகொண்டே போனது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மூன்றாவது தடவை அவன் கேட்டபோது நாகஜோதி எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"மாமா, போதும். டயர இறக்குங்க. சின்னப் பிள்ள ஏறுற வண்டி."

இரண்டு மாதத்தில் அவள் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அவன் அவளைப் பார்த்தான். கண் கலங்கிச் சிவந்திருந்தது. பிறகு உள் அடுக்குக்குப் போய்ச் சாக்கை எடுத்தான். நான் காற்றுக் குழாயை அடைத்துவிட்டு ஜாக்கியைப் போட்டேன்.

நாலு டயரும் மாட்டி, அலைன்மென்ட் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை நாச்சிமுத்து வாசலில் வெயிலில்தான் நின்றார். எங்கள் கடையில் வருகிறவர்கள் உட்கார மூன்று நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்து அவருக்குப் போட யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.